ஏழேகாலுக்குச் சாப்பாடு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், தயிர்க் கிண்ணத்துக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. முன்பு கடுகு போட்டு வைத்த டப்பா. கழுவி வெயிலில் காயவைத்தும் கடுகு வாசம் போகவில்லை. அதற்குள் அக்காவின் இன்சுலின் குப்பியும் ஊசிகளும் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு, முன்னறை டிவியில் செய்தி தொடங்கும் சத்தம் கேட்டதும் அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அந்த டப்பாவை எடுப்பாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஆச்சு" என்பாள். ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்ட மாதிரி. பாதி வேலைதான் ஆனது என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி. ஓரகத்தி என்று சொல்வார்கள். ஓரகத்திகள் என்றால் ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். நாங்களும் முதல் பத்து வருடம் அந்த எதிர்பார்ப்பைக் கெடுக்கவில்லை. இருவருமே வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். கரமனையில் ஒரே வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் சாலைக் கடைத்தெருவில் சின்ன இரும்புச் சாமான் கடை. வீட்டில் மாமனார்; மாமா என்று கூப்பிடுவோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தாள். எனக்கு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலை பத்து முதல் சாயங்காலம் ஆறரை வரை நிற்க வேண்டும். உட்கார ஸ்டூல் உண்டு. உட்கார்ந்தால் மேனேஜர் பார்ப்பான்.

அப்படி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் சமையலறை காத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் சாயங்காலத்துக்குப் புதிதாகச் சோறு வடிக்க வேண்டும், புதிதாகக் குழம்பு வைக்க வேண்டும். மத்தியானக் குழம்பைச் சூடாக்கி வைத்தால் மாமா மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். ஹோட்டல் பொட்டலம் வாசல் தாண்டக் கூடாது. எந்தச் சட்டியில் மீன் வதக்கினார்களோ என்பார். எட்டரைக்கு ஆண்கள் கடையடைத்து வருவார்கள், குளிப்பார்கள், சாப்பிடுவார்கள். அவர்கள் கை கழுவிய பிறகு நாங்கள் உட்காருவோம். இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் கடவுள் படத்தை இடம் மாற்றினாலும் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. அக்கா பகல் முழுவதும் வீட்டில் உழைத்து, சாயங்காலமும் பாதிச் சமையலை முடித்து வைத்திருப்பாள். மீதிப் பாதி என்னுடையது. நான் வந்ததும் பத்து நிமிடம் காலை நீட்டினால் முன்னறையிலிருந்து மாமா குரல் வரும்.

"மடிச்சி வந்தாச்சா? கெடந்தாச்சா?"

மடிச்சி என்றால் இந்த ஊரில் சோம்பேறிப் பெண். எட்டரை மணி நேரம் நின்றவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த பட்டம் அது. இப்போது போனைத் திறந்தால், சோம்பலான சாயங்காலத்துக்குச் சுலபமான சைவச் சாப்பாடு என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி வீடியோ போடுகிறாள். பார்க்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. சோம்பல் யாருக்கு, சாயங்காலம் யாருடையது என்று அவள் சொல்வதில்லை.

அக்காவுக்கு மாத்திரை போதாமல் ஊசி என்று ஆனபோது நான்தான் கூடப் போனேன். டாக்டர் அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். அக்கா தலையை ஆட்டினாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழு என்று சொல்லிவிட்டாள் டாக்டர் அம்மா. ஏழு மணி ஊசி அன்றே அக்காவுக்குச் சட்டமாகிவிட்டது. ஆனால் எட்டரைக்கு ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் நாம் என்பது அதற்கும் முந்திய சட்டம். ஊசி ஏழுக்கு, சோறு ஒன்பதுக்கு. டாக்டர் சொன்னதையும் கேட்டாள், வீடு சொன்னதையும் கேட்டாள். யார் பேச்சையும் தட்டக் கூடாது என்று வளர்த்த பெண்ணால்தான் இப்படிச் செய்ய முடியும்.

முதல் மாதமே எட்டு மணிக்கு அவள் கை நடுங்கத் தொடங்கியது. ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவு வியர்க்கும். "சவம், வாயு" என்று ஒரு துண்டு இஞ்சியை மெல்லுவாள். சாப்பிட்டதும் சரியாகிவிடும். ஒருநாள் அவள் கையிலிருந்து தேங்காய் மூடி நழுவி விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இவள் பசியில் நடுங்குகிறாள். சமையலறைக்குள், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், பசியில் நடுங்குகிறாள்.

குழம்பும் துவரன் பொரியலும் எட்டரைக்கு முன்னால் தயாராகாது. தயாரானாலும் ஆண்களுக்கு முன்னால் அதில் கரண்டி போட அவள் சம்மதிக்க மாட்டாள். எனவே குழம்பைத் தொடாத சாப்பாடாக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு நான் வந்து செருப்பைக் கழற்றியதும் கால் மணியில் ஆக வேண்டும். ருசியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை எனக்கே தள்ளுவாள். நானும் செத்துப்போய் வந்திருப்பேன், எனக்கும் வேலை இருக்கக் கூடாது. இப்படித்தான் நான் தேட ஆரம்பித்தேன். கடையில் சாப்பாட்டு இடைவேளையில் மற்றப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, உன் வீட்டில் அந்திக்கு என்ன, எத்தனை நிமிடம் என்று விசாரித்தேன். பஸ் ஏறும் முன் கிழக்கேகோட்டையில் கடை கடையாக ஏறினேன்.

முதலில் வாங்கியது சுடவைத்தால் போதும் என்று எழுதியிருந்த குழம்புப் பொட்டலம். சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏட்டி, இத வச்சிப் பாத்திரம் கழுவலாம் கேட்டியா" என்றாள். அடுத்து காய்ந்த இடியாப்பம். கொதிக்கிற நீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, கடுகும் உளுந்தும் தாளித்து, தேங்காய்ப் பூவும் எலுமிச்சையும் சேர்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், விருந்துச் சேவை தோற்கும். பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்னக் கடையில் பாதி வெந்த சப்பாத்தி கிடைத்தது. கல்லில் ஒரு புரட்டு போதும். தக்காளியையும் வெங்காயத்தையும் நல்லெண்ணெயில் வதக்கி மிளகு தட்டிப் போட்டால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. சிவப்பு அவலை நனைத்துத் தயிர் ஊற்றி, உப்பு மாங்காயைக் கடித்துக்கொண்டு தின்போம். எல்லாவற்றையும்விட அக்காவுக்குப் பிடித்தது கஞ்சியும் பயறும். காலையிலேயே சிறுபயறை ஊறப்போட்டு விடுவாள். நொய்யும் பயறும் குக்கரில் நாலு விசில். அடுப்புத் தீயிலேயே வாட்டிய பப்படம், சுட்ட மிளகாய் வற்றலும் தேங்காயும் சின்ன உள்ளியும் வைத்து அரைத்த சம்மந்தித் துவையல். இந்த ஊர்க்காரர்கள் கஞ்சிக்குக் கொடுக்கிற மரியாதை வள்ளியூரில் கிடையாது. கரமனையில் வாழ்ந்ததில் நாங்கள் கண்ட லாபம் அது ஒன்றுதான் என்பாள்.

ஏழேகாலுக்குச் சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அரிசி டின் மேல் தட்டை வைத்து, நின்றபடியே தின்போம். முன்னறையில் டிவி அலறிக்கொண்டிருக்கும். பப்படம் நொறுங்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அக்கா அதைக் கஞ்சிக்குள் அமுக்கி நனைத்த பிறகுதான் கடிப்பாள்.

"ரெண்டு களவாணியளக் கணக்கா நிக்கோம் பாரு" என்பாள்.

"யாரு வீட்டுல களவாண்டோம்? நம்ம அடுப்பு, நம்ம அரிசி."

"அரிசி அவுக வாங்கினது."

"அவிச்சது யாரு?"

"வாய மூடிட்டுத் தின்னுட்டி, மாமா காதுல விழுந்தா ரெண்டு பேத்தையும் அவிச்சிருவாரு."

ஏழு மாதம் இப்படி ஓடியது. நடுக்கம் நின்றது. வியர்வை நின்றது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் யார் என்று அந்த ஏழு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் நன்றாகப் பாடுவாள் என்று தெரியாது. மேனேஜரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் வைத்து, பார்க்காமலேயே அவன் நடப்பது போல நடந்து காட்டுவாள். பயறு தொண்டையில் ஏறிப் புரையேறும் வரை சிரித்திருக்கிறோம். என் வாழ்க்கையின் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால் கல்யாணம், பிள்ளைப்பேறு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அரிசி டின் மேல் தட்டு வைத்துத் தின்ற அந்த ஏழு மாதம்.

ஒருநாள் மாமா வெந்நீர் கேட்க எழுந்து வந்துவிட்டார். கதவைத் தள்ளினார். அக்காவின் வாயில் சப்பாத்தி. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நிதானமாகத் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆம்பளையாளுக வெறும் வயித்தோட கடையில நிக்கானுவோ. இங்க ஒளிச்சி வச்சி விருந்து. பிள்ளதான் இல்ல, பொறுமையாவது இருக்கும்னு நெனச்சேன்."

இன்சுலினைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி நான் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் போனார். அத்தான் வந்ததும், அவர்தான் அக்காவின் கணவர், அவரிடமும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு மணிக்கூர் பொறுத்தா என்ன கொறஞ்சிரும்? அப்பா பழைய ஆளு, மனசு வருத்தப்படுதாருல்லா" என்றார். என் கணவர் ரசம் ஊற்று என்றார்.

மறுநாளிலிருந்து அக்கா ஏழேகாலுக்குத் தின்ன மாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளை இல்லை என்ற சொல் அவளை அப்படி அறுத்துவிட்டது. சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சரி, அப்படியானால் ஊசியையும் எட்டரைக்கு மாற்று என்றேன். "டாக்டர் ஏழுன்னுல்லா சொன்னா" என்றாள். டாக்டரைப் போய்க் கேட்டு வருவோம் என்று சொன்னேன். ஓணம் கழியட்டும் என்றாள். எனக்கும் ஓண விற்பனை நேரத்தில் லீவு கிடைக்காது. கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து நானும் கேட்கவில்லை.

அந்த நாள் ஓணத்துக்கு நாலு நாள் முன்பு. கடையில் மூச்சுவிட இடமில்லை. நான் வீடு வரும்போது எட்டு தாண்டிவிட்டது. அக்கா எப்போதும்போல ஏழுக்கு ஊசி போட்டிருந்தாள். அன்று ஆவணிச் செவ்வாய்க்கிழமை. பகலில் ஒருபொழுது இருந்து இரண்டு பழம் தின்றிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு எங்கள் அறையில் உட்கார்ந்தேன். ஆண்கள் வந்தார்கள். கூட நாகர்கோவிலிலிருந்து ஒரு வியாபாரி. நாலு பேருக்கும் அக்கா ஒருத்தியே பரிமாறினாள். வடித்த சோறு நாலு பேருக்கே சரியாகப் போனது. எங்களுக்கு இன்னொரு தரம் உலை வைத்தாள். அந்தச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்டது. எழுந்து போய் ஒரு கை அவல் கொடுக்க வேண்டும் என்று தோன்றவும் செய்தது. கால் வலித்தது. எழுந்திருக்கவில்லை. மடிச்சி என்ற பட்டம் அன்றைக்கு மட்டும் எனக்குப் பொருந்தும்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். அக்கா மோர்க் குவளையை வியாபாரியின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தன் தங்கை பேரைச் சொல்லி, "பஸ் வந்துட்டு, ஏறு, ஏறு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகத்தில் வியர்வை ஓடியது. குவளையை வாங்கி அவளைச் சமையலறையில் உட்காரவைத்தேன். அலமாரியிலிருந்து சர்க்கரை டின்னை எடுத்தேன். எனக்கு எதுவும் தெரிந்து எடுக்கவில்லை. பசியில் தள்ளாடுகிறவளுக்கு இனிப்பாக ஏதாவது கொடுக்கத் தோன்றியது, அவ்வளவுதான். மூடியைத் திறந்து கரண்டியில் அள்ளியும் விட்டேன்.

மாமா வாசலில் நின்றார். "ஏ, சுகருக்காரிக்குச் சர்க்கரையா? ஒரேயடியாக் கொல்லப் போறியா?"

அத்தானும் ஓடி வந்தார். "வேண்டாம், வேண்டாம். சுகர் ஏறிப்போச்சு போல. தூங்கினாச் சரியாகும்."

என் கை நின்றது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை ஆகாது என்பது எனக்கும் சரி என்றுதான் பட்டது. அள்ளியதைத் திரும்ப டின்னிலேயே கொட்டினேன். மூடினேன். அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன், கடைவாயில் வழிந்தது. உலையில் வெந்த சோற்றை நான் இறக்கி வைத்தேன். அதில் கொஞ்சம் தின்றேன். ஆமாம், தின்றேன்.

விடிந்து காப்பி கொண்டுபோய் எழுப்பியபோது அவள் எழவில்லை. மெடிக்கல் காலேஜில் அவசரப் பிரிவிலிருந்த டாக்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தான். மெஷினைப் பார்த்தவன் முகம் மாறியது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வந்து, நேற்று எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டான். சொன்னோம். "ஒரு ஸ்பூன் பஞ்சார" என்றான். பஞ்சார என்றால் இவர்கள் மொழியில் சர்க்கரை. "ஒரு ஸ்பூன் பஞ்சார கொடுத்தா மதியாயிருந்நல்லோ. ஆரும் கொடுத்தில்லே?" சுகர் ஏறவில்லை, அடியோடு இறங்கியிருந்ததாம்; ஒரு கரண்டி போதுமாயிருந்ததாம். அத்தான் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். நான் சொன்னேன், எடுத்தேன், திருப்பிக் கொட்டிவிட்டேன் என்று. அவன் என்னைத் திட்டவில்லை. ஊசி மருந்தோடு ஒரு தாள் தருவார்களே, அதில் எழுதியிருக்குமே என்றான். தாள் இருந்தது. மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்கும் எனக்கும் பஸ் போர்டுக்கு மேல் மலையாளம் படிக்க வராது. வீட்டில் மூன்று ஆண்களுக்கும் நன்றாக வரும். அவர்கள் படிக்கவில்லை. படித்துச் சொல்லுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

பதினாறு நாள் கழித்து அவள் கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள் என்று ஊரில் தேங்காய் உடைத்தார்கள். பிழைத்தது எது என்று உடைத்தவர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாட்டு போயிற்று. பேர்கள் போயின. என்னைச் சில நாள் அம்மா என்பாள், சில நாள் யாரோ என்று பார்ப்பாள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மாமா இருக்கிறார்; இப்போது மத்தியானக் குழம்பைச் சூடாக்கி வைத்தால் வாய் பேசாமல் தின்கிறார். ஒருநாள் ஹோட்டல் இட்லி வாங்கி வைத்தேன், அதையும் தின்றார். எத்தனை சுலபமாக மாறிவிட்டது பாருங்கள். இத்தனை சுலபமானதைத்தான் மாற்றவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கடையை ஆறு மணிக்கே அடைத்துவிட்டு வந்து, மனைவி இருக்கிற அறைக்குள் போகப் பயந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். ஊசியை நான் போடுகிறேன். ஏழேகாலுக்குக் கஞ்சியும் பயறும் குழைய மசித்து எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறேன். எங்கள் வீட்டில் முதலில் சாப்பிடுவது இப்போது அவள்தான். ஆண்கள் மூன்று பேரும் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும்.

ஆனால் கரண்டியைக் கொண்டுபோனால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். உதட்டை இறுக்கிக்கொள்வாள். தன் பேர் மறந்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது, அவளிடம் மிச்சமிருக்கும் வார்த்தைகளில் முழுசாக வருவது ஒன்றுதான். கதவுப் பக்கம் கண்ணைக் காட்டிக் கேட்பாள்.

"அவுக தின்னாச்சா?"

முன்னறையில் மூன்று பேரும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். முதல் வாரம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். இல்லக்கா, நீங்க தின்னுங்க, அவுக பெறகு தின்னட்டும் என்றேன். இரண்டு நாள் தொடர்ந்து ஒரு வாய்கூடத் தின்னவில்லை. குளுக்கோஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு நான் உண்மை பேசுவதில்லை. கதவைச் சாத்துகிறேன். அவள் தாடையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"தின்னாச்சுக்கா. எல்லாரும் தின்னு கை கழுவியாச்சு."

அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு வாயைத் திறக்கிறாள்.